பூவரசம் பூவும் பட்டாளத்துக் காசும்

பூவரசம் பூ காலையில் வெளிர்மஞ்சளாக இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு. பொழுது சாயச் சாய மஞ்சளில் செம்மை ஏறும். பிறகு ஊதாவாகிச் சுருண்டு மரத்தடியில் கிடக்கும். கடற்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வேலியிலும் யாரும் பார்த்துப் பார்த்து வளர்க்காமல் நிற்கிற மரம் அது. தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு அதன் இலை பீப்பி. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அதன் குழை மண்ணுக்குப் போடுகிற பசளை. தச்சருக்கு அது நல்ல கட்டை. பூவை மட்டும் யாரும் சட்டை செய்வதில்லை. தலையில் வைப்பதில்லை, மாலை தொடுப்பதில்லை, சந்தையில் அதற்கு விலையும் கிடையாது.

1931-இல் கொழும்பில் அந்தப் பூவுக்கு ஒரு விலை வந்தது. வைத்தவர் பூக்காரர் அல்லர். முதல் உலகப் போருக்குப் பிறகு உடுப்பைக் கழற்றிய இலங்கைப் பட்டாளத்துக்காரர், ஏலியன் பெரேரா. சிங்களத்தில் பூவரசுக்குச் 'சூரிய' என்று பெயர், பூவுக்கு 'மல்'. 'சூரிய மல் இயக்கம்' என்றால் இன்று இலங்கையில் அரசியல் படித்தவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது இடதுசாரிகளின் தொடக்க காலம். ஆனால் அது செங்கொடியோடு பிறந்த இயக்கம் இல்லை. முன்னாள் படைவீரர்களின் நிவாரணக் காசு யாருக்குப் போக வேண்டும் என்ற கணக்குத் தகராறில் பிறந்தது.

தகராறு புரிய வேண்டுமானால் முதலில் இன்னொரு பூவைப் பார்க்க வேண்டும்.

நம் குழம்பில் அரைத்து விடுகிற கசகசாவைத் தருகிற செடிக்கு ஒன்றுவிட்ட உறவு, ஐரோப்பாவின் செந்நிறக் காட்டுப் பாப்பி. அங்கே அது கோதுமை வயலில் களை. அதன் விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் உறங்கும். மண்ணைப் புரட்டினால் விழித்துக்கொள்ளும். 1914-இல் தொடங்கிய போரில் பெல்ஜியத்திலும் வடக்கு பிரான்சிலும் பீரங்கிகள் மண்ணைப் புரட்டிய புரட்டலில், இறந்தவர்களைப் புதைத்த இடமெல்லாம் பாப்பி செக்கச்செவேலென்று பூத்தது. கனடா நாட்டு ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915 மே மாதம் நண்பர் ஒருவரைப் புதைத்த துக்கத்தில் அந்தப் பூக்களைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். லண்டன் 'பஞ்ச்' பத்திரிகை அதை வெளியிட்டது. ஆங்கிலம் புழங்கிய நாடுகள் முழுக்கப் பரவியது. மெக்ரே போர் முடிவதைப் பார்க்கவில்லை. 1918 ஜனவரியில் இறந்துபோனார். அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல் அந்தக் கவிதையின் வேகத்தில் பாப்பியை உடுப்பில் குத்திக்கொள்ளத் தொடங்கினார். துணியில் பாப்பி செய்து விற்றால் காசு திரளும் என்று கண்டவர் அன்னா கெரின் என்ற பிரெஞ்சுப் பெண்மணி.

காசுக்குத் தேவை இருந்தது. கையிழந்தவர்கள், கண்ணிழந்தவர்கள், வேலை தேடித் தெருவில் நின்றவர்கள் என்று பிரிட்டனில் லட்சக்கணக்கான பழைய சிப்பாய்கள். அவர்களுக்காக இயங்கிய நான்கு சங்கங்கள் ஒன்றாகி 1921 மே 15 அன்று பிரிட்டிஷ் லீஜியன் ஆயின. அதே ஆண்டு நவம்பர் 11, போர் ஓய்ந்த நாளில், முதல் 'பாப்பி நாள்'. ஒரே நாளில் திரண்டது 1,06,000 பவுனுக்கு மேல். மறு ஆண்டே, உறுப்பிழந்த சிப்பாய்களைக் கொண்டே பூ செய்கிற தொழிற்கூடம் லண்டனில் வந்தது. பூவின் நடுவில் ஒரு கறுப்புப் பொத்தான். அதன்மேல் 'ஹேக் ஃபண்ட்' என்று எழுத்து. ஹேக் என்பது படைத்தலைவர் டக்ளஸ் ஹேக். 1916 ஜூலை 1 அன்று, சோம் போரின் முதல் நாளில் மட்டும், அவர் தலைமையில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் செத்தார்கள். அந்தப் பெயரையே பூவின் நடுவில் பொறித்ததில் ஒரு விசித்திரம் உண்டு. 1994 வரை பொத்தானில் அந்த எழுத்து இருந்தது.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இது முழுக்கப் புதிதல்ல. டிசம்பர் 7, கொடி நாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று நிறத்தில் ஒரு சின்னக் காகிதக் கொடி, குண்டூசி, வகுப்புக்கு வருகிற உண்டியல். 1949 முதல் நடக்கிறது. காசு எங்கே போகிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் எளிது, நம் ஊர் ராணுவத்தாருக்கு. காலனி நாட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

1921-இல்தான் ஹேக் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பேரரசு முழுமைக்குமான படைவீரர் கூட்டமைப்பு ஒன்றையும் நிறுவினார். யூனியன் ஜாக் பறந்த துறைமுகங்களில் பாப்பியும் போய் இறங்கியது. கொழும்பிலும் இறங்கியது.

இலங்கைக்கும் அந்தப் போருக்கும் என்ன தொடர்பு? உண்டு. ஆனால் அந்தத் தொடர்பு எல்லோருக்கும் ஒரே மாதிரியாக இல்லை. 1914 அக்டோபரிலேயே இலங்கைத் தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படை எகிப்துக்குக் கப்பலேறியது. எட்டு அதிகாரிகள், இருநூற்றுச் சொச்சம் வீரர்கள். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான படை அது. அவர்களில் சிலர் கலிப்பொலிப் போர்முனையில் தளபதி பேர்ட்வுட்டுக்கு மெய்க்காவலர்களாக நின்றார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வேறு படைகள்: இலங்கை இலகு காலாட்படை, பீரங்கிப் படை, கொழும்பு நகரக் காவற்படை. பலர் தீவிலேயே காவல் காத்தார்கள். சிலர் சொந்தக் காசில் கப்பலேறி இங்கிலாந்து போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். திரும்பி வந்த துரைக்குத் தோட்டமும் பங்களாவும் காத்திருந்தன. உள்ளூர்ச் சிப்பாய்க்கு அப்படி எதுவும் காத்திருக்கவில்லை.

இடையில் 1915 வந்தது. அந்த ஆண்டை விட்டுவிட்டு இலங்கையில் உடுப்புப் போட்டவர்களின் மனசைப் பற்றி எழுத முடியாது. மே மாதக் கடைசியில் கண்டியில் சிங்களவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட கலவரம் பல மாவட்டங்களுக்குப் பரவியது. ஆளுநர் ராபர்ட் சாமர்ஸ் ராணுவச் சட்டம் போட்டார். அதே மே மாதத்தில்தான் அவருடைய இரண்டு மகன்களும் ஐரோப்பாவில் போர்முனையில் கொல்லப்பட்டிருந்தார்கள். பாலி மொழி அறிஞர், பௌத்த நூல்களை மொழிபெயர்த்தவர்; பௌத்தர்கள் மேல் மிகக் கடுமையான ராணுவச் சட்டத்தை ஏவியவரும் அவரே. கொழும்பு நகரக் காவற்படையில் கேப்டனாக இருந்த ஹென்றி பேதிரிஸ், 26 வயது, செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. தேசத்துரோகக் குற்றம் சாட்டி, ராணுவ விசாரணை நடத்தி, ஜூலை 7 அன்று வெலிக்கடைச் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். மன்னர் கொடுத்த உடுப்பைப் போட்டவரை மன்னரின் துப்பாக்கியே சுட்டது. தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்குப் பயப்படாமல் லண்டனுக்குக் கப்பலேறிப் போய் நியாயம் கேட்டார். அவர் திரும்பி வந்தபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே அவருடைய வண்டியை இழுத்துச் சென்ற கதை யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்றும் சொல்லப்படுவது. சாமர்ஸைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு, 1923-இல் கொழும்பு காலிமுகத்திடலில் போர் நினைவுத்தூண் எழுந்தது. புது தில்லியை வடிவமைத்த அதே எட்வின் லுட்யன்ஸின் கைவண்ணம். நவம்பர் 11 வந்தால் காலையில் அங்கே அணிவகுப்பு, இரண்டு நிமிட மௌனம், ஆளுநரின் மலர்வளையம். தெருக்களிலும் கிளப்புகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பாப்பி விற்பனை. அப்படித் திரண்ட காசில் பெரும்பங்கு இங்கிலாந்துக்குப் போனது. பாப்பி வாங்கியவர்களில் இலங்கையர் ஏராளம். பலன் அடைந்தவர்கள் முதலில் பிரிட்டிஷ் சிப்பாய்கள். உள்ளூர்ப் பட்டாளத்துக்காரர் கையை ஏந்தினால் மிச்சம் மீதி.

ஏலியன் பெரேராவின் மறுப்பு இதற்குத்தான். பேரரசை ஒழிக்க வேண்டும் என்றோ, போரே தப்பு என்றோ அவர் கிளம்பவில்லை. 'எங்கள் ஊரில் திரட்டுகிற காசு எங்கள் ஊர்ச் சிப்பாய்க்கு' என்பதுதான் அவர் கோரிக்கையின் சாரம். சங்கத்துக் கணக்குப் பிள்ளையும் ஒப்புக்கொள்ளக்கூடிய கோரிக்கை. ஆனால் அதற்கு அவர் தேர்ந்தெடுத்த வழியில் சாமர்த்தியம் இருந்தது. மனுப் போட்டிருந்தால் அது ஏதோ ஒரு மேசையில் தூங்கியிருக்கும். அவர் பூவுக்கு எதிராகப் பூவை நிறுத்தினார். அதே நாள், அதே தெரு, அதே குண்டூசி. நிறம் மட்டும் மஞ்சள். சட்டையில் எது குத்தியிருக்கிறது என்பதைப் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

ஏன் பூவரசு என்பதற்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. தாமரையைக் குத்திக்கொள்ள முடியாது. அல்லி எல்லோர் வீட்டிலும் இருக்காது. பூவரசோ சிங்கள ஊரிலும் தமிழ் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும் வேலியில் நிற்பது. சாதி கேட்காத மரம். தொலைவில் எங்கோ ஒரு வயலில் பூக்கிற களைக்கு எதிரே, வீட்டு வாசலில் பூப்பதைக் காட்டியது போல ஆயிற்று.

1931 இலங்கைக்குச் சாதாரண ஆண்டு இல்லை. டொனமூர் அரசியலமைப்பின்படி ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்து முதல் தேர்தல் நடந்த ஆண்டு. முழுச் சுயராஜ்யம் இல்லாத அமைப்பு எங்களுக்கு வேண்டாம் என்று ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் முன்னின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்த ஆண்டும் அதுவே. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலையும் ரப்பரும் விலை வீழ்ந்து, வேலை போனவர்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சூழலில் ஒரு பழைய சிப்பாய் மஞ்சள் பூவைக் கையில் எடுத்தார். நல்ல தொடக்கம்தான். ஆனால் பிரிட்டிஷ் அதிகாரமும் துரைமார் குடும்பங்களும் பின்னால் நின்ற பாப்பியோடு, கையில் காசில்லாத பட்டாளத்துக்காரர்கள் தனியாக எத்தனை நவம்பருக்கு மல்லுக்கட்ட முடியும்? விற்பனை சுணங்கியது.

1933-இல் வேறு கைகள் வந்து பூவை எடுத்துக்கொண்டன.

தென் கொழும்பு வாலிபர் சங்கம் என்று ஒன்று. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய இளைஞர்கள். லண்டனில் மார்க்ஸைப் படித்தவர்கள், அமெரிக்காவில் படித்தவர்கள். அந்த ஆண்டு வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தத்தில் இறங்கி முதல் பாடம் கற்றிருந்தார்கள். இன்றைக்குத் தமிழ்க் கடைகளும் இடியப்பக் கூடைகளுமாக இருக்கிற அதே வெள்ளவத்தை. 'கம்கருவா' என்று தொழிலாளர்களுக்காகச் சிங்களத்தில் ஒரு பத்திரிகையும் நினைத்தபோது போட்டார்கள். இவர்களுக்குச் சூரிய மல் வாகாக அமைந்தது. ஹொரணையில் வில்மட் பெரேராவின் வீட்டில் கூடிப் புதிய அமைப்பைத் தொடங்கினார்கள். அங்கே இருந்தவர்களின் பெயர்களைப் பின்னால் இலங்கையே அறியப் போகிறது: பிலிப் குணவர்தன, என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்தன, டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க. செயலாளர்கள் இருவர்: டெரன்ஸ் டி ஸில்வா, ராபின் ரட்ணம்.

தலைவி ஒரு வெள்ளைக்காரப் பெண்.

டொரின் யங் 1907-இல் இங்கிலாந்தில், சோஷலிசம் பேசுகிற குடும்பத்தில் பிறந்தவர். 1930-இல் மாத்தறைக்கு வந்து பௌத்தப் பெண்கள் பள்ளி ஒன்றின் அதிபராக இருந்தார். பிறகு கொழும்பு ஆனந்த பாலிகாவின் அதிபர். டாக்டர் விக்கிரமசிங்கவை மணந்தார். 'சிலோன் டெய்லி நியூஸ்' பத்திரிகையில் 'பூக்களின் போர்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய கட்டுரைதான் விஷயத்தைக் கிளப் வராந்தாக்கள் வரை கொண்டுபோனது. இலங்கைப் பள்ளிப் பிள்ளைகளைப் பாப்பி வாங்க வைத்து, அந்தக் காசில் பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பராமரிப்பது, அதுவும் சொந்த ஊர்ச் சிப்பாயைப் பட்டினி போட்டுவிட்டு, என்ன நியாயம் என்று கேட்டார். சிங்களப் பெயர் கொண்ட ஒருவர் இதை எழுதியிருந்தால் 'கலகக்காரன்' என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டிருப்பார்கள். எழுதியவர் தங்கள் இனத்துப் பெண் என்பதைக் கொழும்பு வெள்ளைக்காரர்களால் பொறுக்க முடியவில்லை. ஏச்சு குவிந்தது.

இந்த இடத்தில் பூவின் பொருள் மாறுகிறது. அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். ஏலியன் பெரேராவின் பூ சிப்பாய்க்குக் காசு கேட்டது. 1933-இன் பூ, போரே வேண்டாம், பேரரசே வேண்டாம் என்றது. முதலாவது, போரில் உழைத்தவர்களின் உரிமை. இரண்டாவது, அந்தப் போரின் மேலேயே தீர்ப்பு. இரண்டும் ஒன்றல்ல. ஆண்டுதோறும் தூணுக்கு முன்னால் நின்று சல்யூட் அடித்து, செத்த தோழனை நினைத்துக் கண் கலங்குகிற ஒரு பழைய சிப்பாய், 'இது ஏகாதிபத்தியப் போர்' என்று கத்துகிற இருபத்தைந்து வயது இளைஞரிடம் பூ வாங்கிக்கொள்வாரா? சிலர் வாங்கியிருக்கலாம். எப்படியோ, இயக்கம் பட்டாளத்துக்காரர் கையை விட்டுப் போயிற்று. இயக்கத்தின் கதையைச் சொல்கிற நூல்களில் ஏலியன் பெரேராவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வாக்கியம். அடுத்த வாக்கியத்தில் வாலிபர் சங்கம் வந்துவிடும்.

அதே 1933 நவம்பரில் இங்கிலாந்திலேயே கூட்டுறவு மகளிர் அமைப்பினர் வெள்ளைப் பாப்பி விற்கத் தொடங்கினார்கள். போரில் கணவனையும் மகனையும் பறிகொடுத்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். இனி ஒரு போர் வேண்டாம் என்பது அவர்கள் பேச்சு. ஒரே நாளில் லண்டனில் சிவப்புக்கு எதிரே வெள்ளை, கொழும்பில் சிவப்புக்கு எதிரே மஞ்சள்.

அதற்குப் பிறகு இரண்டாம் உலகப் போர் வரை ஒவ்வொரு நவம்பர் 11-உம் கொழும்புத் தெருவில் போட்டிதான். பாப்பி விற்கப் பெரிய இடத்துச் சீமாட்டிகள். சூரிய மல் விற்க மாணவர்களும் ஆசிரியைகளும். வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அதனால் திரண்ட காசு சொற்பம். காசுக் கணக்கில் பார்த்தால் பாப்பியின் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் அரசாங்கம் அதைச் சொற்பமாக நினைக்கவில்லை. தெருவில் காசு திரட்டுவதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். உண்டியலில் விழுந்தது சில்லறை என்றால் சட்டம் எதற்கு என்ற கேள்விக்கு, சட்டைகளில் தெரிந்த மஞ்சள்தான் பதில்.

1934-இல் மழை பொய்த்தது. தென்மேற்குப் பருவமழை இல்லாமல் ஆறுகள் வற்றி, மணலில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. மலேரியா கொசுவுக்கு அதுவே தொட்டில். அக்டோபர் வாக்கில் தொடங்கிய காய்ச்சல் மறு ஆண்டு ஏப்ரல் வரை தீவின் ஈரமான பகுதிகளைச் சூறையாடியது. செத்தவர்கள் சுமார் 80,000 பேர். வழக்கமாக மலேரியா இல்லாத ஊர்களில், உடம்பில் எதிர்ப்பே இல்லாத மக்கள். கேகாலை மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. பூ விற்ற இளைஞர்கள் மூட்டை முடிச்சோடு அங்கே போனார்கள்.

போய்ப் பார்த்தபோது புரிந்தது, காய்ச்சலுக்கு முன்னாலேயே பட்டினி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று. கொய்னா மட்டும் போதாது. வயிற்றுக்கு ஏதாவது வேண்டும். என்.எம். பெரேரா வீடு வீடாகப் பருப்புப் பங்கிட்டார். லண்டனில் முனைவர் பட்டம் வாங்கிய மனிதருக்கு ஊர் மக்கள் வைத்த பெயர் 'பருப்பு மாத்தையா', அதாவது பருப்பு ஐயா. சத்துக் குறைவுக்கு மார்மைட் கொடுக்கலாம் என்றார்கள் மருத்துவர்கள். பீர் வடித்த ஈஸ்ட்டிலிருந்து எடுக்கிற, கறுப்பான, உப்புக் கரிக்கிற பசை. கண்ணாடிப் புட்டியில் வரும் சீமைப் பண்டம். கிராமத்துக் கிழவி அதை வாயில் வைப்பாளா? தொண்டர்கள் அந்தப் பசையை மாவோடு பிசைந்து, உள்ளங்கையில் உருட்டி, நாட்டு வைத்தியர் தரும் குளிகை மாதிரி சின்னச் சின்ன உருண்டைகளாக்கினார்கள். வைத்தியர் உருண்டை என்றால் சரி. விழுங்கினார்கள்.

இந்தப் பணியில் கைகொடுத்தவர்களில் ஒருவர் டாக்டர் மேரி ரட்ணம். கனடாவில் பிறந்து, மிஷன் மருத்துவராக இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து இங்கேயே தங்கிவிட்டவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர், கிராமப் பெண்களுக்காக லங்கா மகிளா சமிதி தொடங்கியவர், பின்னால் 1958-இல் மகசேசே விருது பெற்றவர். சூரிய மல் செயலாளர் ராபின் ரட்ணம் அவருடைய மகன். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு என்று விற்ற ஒரு பூவுக்கு எதிராக, ஆங்கிலேயப் பெண் தலைவியாகவும் கனடாப் பெண்ணின் மகன் செயலாளராகவும் இலங்கையில் நின்றார்கள் என்பதை நினைத்தால், 'உள்ளூர்', 'வெளியூர்' என்ற பிரிவினை இந்தக் கதையில் அவ்வளவு சுளுவாகப் பொருந்தாது.

பூ விற்றும் பருப்புக் கொடுத்தும் பழகிய அந்தக் கூட்டம் 1935 டிசம்பர் 18 அன்று கொழும்பில் கூடி லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியது. தீவின் முதல் இடதுசாரிக் கட்சி. 1936 தேர்தலில் பிலிப்பும் என்.எம்.மும் வென்று அரசாங்க சபைக்குள் போனார்கள். என்.எம். வென்ற ருவன்வெல்ல, மலேரியா வேலை செய்த அதே வட்டாரம். நீதிமன்றத்தில் சிங்களமும் தமிழும் புழங்க வேண்டும் என்று அங்கே பேசியவர்கள் அவர்கள். கட்சியின் பிற்காலக் கதை, உடைந்ததும் சேர்ந்ததும் நிறம் மாறியதும், இந்தக் கட்டுரைக்கு வெளியே இருக்கிறது. என்.எம். நிதியமைச்சர் ஆனார், 1972 குடியரசு அரசியலமைப்பைக் கொல்வின் வரைந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிப்பாய்களின் பக்கம் திரும்ப வேண்டும்.

1939-இல் மறுபடியும் போர். சமசமாஜிகள் போரை எதிர்த்தார்கள். தலைவர்களைச் சிறையில் போட்டார்கள். இலங்கை இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டன. மே மாதம், இந்துமாக்கடலின் நடுவே கோகோஸ் தீவுகளில் பிரிட்டிஷ் பீரங்கிகளைக் காத்து நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராகத் துப்பாக்கியைத் திருப்பினார்கள். தலைமை தாங்கியவர் கிரேஷன் பெர்னாண்டோ. எழுச்சி ஓர் இரவுகூடத் தாங்கவில்லை. ஆகஸ்டில் அவரையும் இன்னும் இருவரையும் வெலிக்கடையில் தூக்கிலிட்டார்கள். 27 ஆண்டுகளுக்கு முன் பேதிரிஸைச் சுட்டுக் கொன்ற அதே சிறை. இரண்டாம் உலகப் போரில் கலகத்துக்காகக் கொல்லப்பட்ட காமன்வெல்த் சிப்பாய்கள் இந்த மூவர் மட்டுமே. எந்த நவம்பரிலும் யாரும் அவர்களுக்காகப் பூ குத்திக்கொண்டதில்லை.

அந்தப் போரின்போது இன்னொன்றும் நடந்தது. காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து நின்ற நினைவுத்தூண் எதிரிக் கப்பல்களுக்குக் குறி வைக்க வசதியான அடையாளமாகிவிடும் என்று பயந்து, அதைக் கல் கல்லாகப் பிரித்து உள்ளே விக்டோரியா பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். இறந்தவர்களின் தூண் உயிரோடிருப்பவர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாதே. போர் முடிந்தும் அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பூங்காவுக்குத்தான் பெயர் மாறியது. இப்போது விகாரமகாதேவி பூங்கா.

இலங்கை முன்னாள் படைவீரர் சங்கம் 1944-இல் உருவானது. இரண்டு போர்களின் ஆட்களும் அதில் இருந்தார்கள். வெள்ளைக்காரர் போனார்கள், நாட்டின் பெயரும் மாறியது, சங்கம் இருக்கிறது. ஹேக் கேப் டவுனில் தொடங்கிய கூட்டமைப்பும் காமன்வெல்த் என்ற பெயரோடு இருக்கிறது, சங்கம் அதில் ஓர் உறுப்பு. 1983-க்குப் பின் வந்த நீண்ட உள்நாட்டுப் போர் சங்கத்துக்கு இன்னொரு தலைமுறைச் சிப்பாய்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் போரில் இறந்தவர்களை யார் எந்தப் பூவால் நினைக்கலாம் என்பது வடக்கில் வேறொரு பெரிய கதை. அங்கே நவம்பரின் பூ கார்த்திகைப் பூ.

டொரின் விக்கிரமசிங்க 1952-இல் அக்குரஸ்ஸத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். 2000-இல் இறந்தார். மனித உரிமை வழக்கறிஞராகப் பெயர் பெற்ற அவருடைய மகளின் பெயர் சூரியா.

ஒவ்வொரு நவம்பரும் கொழும்பில் முதல் பாப்பியைப் படைவீரர் சங்கத்தார் ஜனாதிபதியின் சட்டையில் குத்துகிறார்கள். பத்திரிகையில் படம் வரும். பிறகு விகாரமகாதேவி பூங்காவில் தூணுக்கு முன்னால் மலர்வளையம், எக்காளம், மௌனம். பாப்பி விற்ற காசு இலங்கைச் சிப்பாய்களின் நலனுக்கே போகிறது. ஏலியன் பெரேரா 1931-இல் கேட்டது அதைத்தான். பூ மட்டும் அவருடையது இல்லை.